பெர்க்லி பேஸ்பால் அணியைக் காப்பாற்றியது எது?

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துப் பேஸ்பால் அணி 2011இல் ஆடிய பருவத்தை அமெரிக்க விளையாட்டு உலகம் ஒரு சினிமாக் கதையாகவே நினைவில் வைத்திருக்கிறது. பணம் இல்லை என்று நிர்வாகம் அணியைக் கலைக்க முடிவெடுத்தது. இதுதான் கடைசிப் பருவம் என்று தெரிந்தே பையன்கள் களத்தில் இறங்கினார்கள். தோற்றுவிட்டது என்று எல்லோரும் கைவிட்ட ஆட்டத்தை வென்றார்கள். நாட்டின் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக ஒமாஹா நகருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அணி பிழைத்தது. இதில் ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. ஆனால் இந்த வரிசையில் கோத்துச் சொல்லும்போது, வெற்றிதான் அணியைக் காப்பாற்றியது என்ற எண்ணம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. தேதிகள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. அணி தொடரும் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது ஏப்ரல் 8ஆம் தேதி. தேசியப் போட்டி தொடங்கியது ஜூன் மாதம். ஒமாஹாவில் ஆடிய அணி ஏற்கெனவே காப்பாற்றப்பட்டுவிட்ட அணி. அப்படியானால் காப்பாற்றியது எது என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை 2011இன் ஸ்கோர் அட்டையில் இல்லை. அதற்கு முந்தைய நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் அந்த அணி யாரையெல்லாம் சேர்த்து வைத்திருந்தது, அவர்களில் யார் கையில் பணமும் அமைப்பும் இருந்தன என்பதில் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

அமெரிக்காவில் கல்லூரிப் பேஸ்பால் தொழில்முறைப் பேஸ்பாலைவிட மூத்தது. ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் என்ற இரண்டு கல்லூரிகள் 1859 ஜூலை 1ஆம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டில் மோதியதுதான் கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் ஆட்டம். ஆம்ஹர்ஸ்ட் 73க்கு 32 என்று வென்றது. அன்றைய விதிகள் வேறு, அதனால்தான் இன்றைய கண்ணுக்குக் கூடைப்பந்து போலத் தெரியும் அந்த எண்ணிக்கை. வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து அமர்த்திய முதல் முழு அணி சின்சினாட்டியில் வந்தது அதற்குப் பத்து ஆண்டு கழித்து. பெர்க்லியின் அணிக்கு 1892 தொடக்க ஆண்டு. அங்கே படித்த ஆர்வல் ஓவரால் அமெரிக்கக் கால்பந்திலும் பெயர் எடுத்தவர். பிறகு சிகாகோ கப்ஸ் அணியின் பிட்சராகி 1908ஆம் ஆண்டு உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தை வீசி முடித்தவரும் அவரே. அந்தக் கோப்பைக்குப் பிறகு கப்ஸ் அடுத்த கோப்பையைத் தூக்க 108 ஆண்டுகள் காத்திருந்தது என்பது பேஸ்பால் ரசிகர்கள் அனைவருக்கும் தெரிந்த சோகம். 1933இல் வளாகத்தின் மேற்கு ஓரத்தில், ஓட்டப்பந்தய அரங்கத்தை ஒட்டி ஒரு பேஸ்பால் மைதானம் எழுந்தது. 1930 முதல் 1954 வரை பயிற்சியாளராக இருந்த கிளின்ட் எவன்ஸின் பெயரைப் பின்னாளில் தாங்கியது அந்த மைதானம். சுமார் 2,500 பேர் உட்காரலாம். 2011 வரைக்கும் அங்கே மின்விளக்கு கிடையாது. அந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

கல்லூரிப் பேஸ்பாலுக்கு ஒரு தேசியப் போட்டி என்று முறையாக வந்தது 1947இல்தான். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் நடந்த அந்த முதல் இறுதிச் சுற்றில் மோதியவை பெர்க்லியும் யேலும். போர் முடிந்து இரண்டே ஆண்டு; இரண்டு பக்கமும் ராணுவச் சீருடையைக் கழற்றிவிட்டு வகுப்பறைக்குத் திரும்பியவர்கள் இருந்தார்கள். யேலின் முதல் பேஸில் நின்றவர் ஜார்ஜ் ஹெச். டபிள்யூ. புஷ், பசிபிக் போரில் கடற்படை விமானம் ஓட்டியவர், நாற்பது ஆண்டு கழித்து நாட்டின் ஜனாதிபதி ஆனவர். பெர்க்லியின் பக்கம் ஜாக்கி ஜென்சன். அந்தத் தொடரைப் பற்றிப் புஷ் பின்னாளில் சிரித்துக்கொண்டே பலமுறை சொன்ன கதை ஒன்று உண்டு. பேஸ்பாலில் பந்து வீசுபவர் பொதுவாக மட்டையில் சோடை. அதனால் வரிசையில் ஒன்பதாவதாக இறங்குவார். அவருக்கு முன்னால் வரும் எட்டாம் ஆளை வேண்டுமென்றே எட்டாத பந்துகள் போட்டு முதல் பேஸுக்கு அனுப்பிவிட்டு, சோடை மட்டைக்காரரை எதிர்கொள்வது பழைய தந்திரம். யேல் பயிற்சியாளர் அதைத்தான் செய்யச் சொன்னார். அடுத்து மட்டையோடு வந்தவர் ஜென்சன். அவர் அடித்த பந்து இன்னும் கலமசூவில் எங்கோ உருண்டுகொண்டிருக்கும் என்பது புஷ்ஷின் முத்தாய்ப்பு. முதல் ஆட்டம் 17க்கு 4, இரண்டாவது 8க்கு 7. கோப்பை பெர்க்லிக்கு. புஷ் தலைமையில் யேல் மறு ஆண்டும் இறுதிக்கு வந்து மறுபடியும் தோற்றது, அந்தத் தடவை தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்திடம்.

ஜென்சனின் வாழ்க்கைப் பாதையைக் கொஞ்சம் தொடர்ந்து போனால், ஒரு கல்லூரி அணி தன் ஆட்களை எப்படி விடாமல் பிடித்து வைக்கிறது என்பது புரியும். பேஸ்பாலில் கோப்பை வென்ற அவர் 1948இல் கால்பந்தில் ஆயிரம் கெஜத்துக்கு மேல் பந்தைச் சுமந்து ஓடி நாடறிந்தவரானார். 1949 புத்தாண்டு அன்று ரோஸ் பௌல் ஆட்டத்தில் இறங்கினார். பிறகு நியூயார்க் யாங்கீஸ், வாஷிங்டன், பாஸ்டன் என்று போய், 1958இல் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். விமானத்தில் ஏறப் பயந்தே ஆட்டத்தை விட்டவர் என்பதும் அவரைப் பற்றிப் பதிவான செய்தி. 1974இல் அவர் திரும்பி வந்த இடம் பெர்க்லி. நான்கு ஆண்டு அங்கேயே பயிற்சியாளராக இருந்தார். இதற்கிடையில் 1957இல் ஜார்ஜ் வுல்ஃப்மன் பயிற்றுவித்த அணி ஒமாஹாவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தை 1க்கு 0 என்று வென்று இரண்டாவது கோப்பையைக் கொண்டுவந்திருந்தது. அத்தோடு கோப்பைக் கணக்கு முடிகிறது. 1980, 1988, 1992 ஆகிய ஆண்டுகளில் ஒமாஹா வரை போனார்கள், வெல்லவில்லை. பெரிய லீகுக்கு ஆட்களை அனுப்புவதில் மட்டும் குறை இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டின் நேஷனல் லீக் சிறந்த ஆட்டக்காரர் ஜெஃப் கென்ட் இங்கே ஆடியவர். ஆன்டி மெசர்ஸ்மித்தும் இங்கே ஆடியவரே. ஒரு வீரரைக் காலம் முழுக்க ஒரே முதலாளியிடம் கட்டிப்போட்டிருந்த ஒப்பந்த விதியை எதிர்த்து அவரும் இன்னொரு வீரரான டேவ் மெக்னாலியும் தொடுத்த வழக்கில்தான் 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸ் அந்த விதியை உடைத்தார். இன்று பேஸ்பால் வீரர்கள் கோடிக்கணக்கில் சம்பளம் பேசுகிறார்கள் என்றால் அதற்குக் கதவு திறந்த கைகளில் ஒன்று பெர்க்லியிலிருந்து போனது.

இவ்வளவு பெருமை இருந்தும் பல்கலைக்கழகக் கணக்குப் புத்தகத்தில் பேஸ்பால் என்றைக்கும் செலவுப் பக்கம்தான். அமெரிக்கக் கல்லூரிகளில் காசு கொண்டுவருவது கால்பந்து, ஓரளவுக்குக் கூடைப்பந்து. மற்றதெல்லாம் அவற்றின் வருமானத்தில் வாழ்பவை. இந்த அந்தஸ்து வித்தியாசம் விதிகளிலேயே எழுதப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் முதல் நிலைக் கால்பந்து அணிக்கு 85 முழு உதவித்தொகை கொடுக்கலாம் என்று இருந்தது. பேஸ்பாலுக்கு அனுமதி 11.7 மட்டும். அந்தப் பதினொன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைந்ததை அதிகபட்சம் 27 பேருக்குப் பிய்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே பேஸ்பால் ஆடிய மாணவர்களில் பெரும்பாலோர் படிப்புச் செலவில் ஒரு பகுதியைச் சொந்தக் கையிலிருந்து போட்டவர்கள். அவர்களில் பெரிய லீகுக்குப் போகிறவர்கள் கொஞ்சப் பேர். மற்றவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு வக்கீல், வியாபாரம், நிதி, நிலம் என்று வேறு வழிகளில் போகிறார்கள். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் அந்த வழிகள் எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை. ஆட்டத்தால் பணம் சம்பாதிக்காத, ஆனால் ஆட்டத்தை மறக்காத ஒரு வசதியான கூட்டம் அப்படித்தான் உருவானது என்பது என் ஊகம். 2011இல் நடந்தவை அந்த ஊகத்துக்குப் பலம் சேர்க்கின்றன.

2008இன் பொருளாதாரச் சரிவு கலிபோர்னியா மாநிலத்தின் கஜானாவைக் காலி செய்தது. 2009 நவம்பரில் பல்கலைக்கழக ஆட்சிக்குழு மாணவர் கட்டணத்தை 32 சதவீதம் உயர்த்தியது; வளாகமெங்கும் போராட்டம். அதே மாதம் பெர்க்லியின் ஆசிரியர் பேரவை, விளையாட்டுத் துறைக்குக் கல்விப் பணத்தைக் கொட்டுவதை நிறுத்து என்று தீர்மானம் போட்டது. அந்தத் துறைக்கு வளாகம் ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல் மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது. 2014க்குள் அதை 50 லட்சமாகக் குறைப்பது என்று முடிவானது. 2010 செப்டம்பர் 28ஆம் தேதி வளாகத்தின் தலைவர், நம் ஊர்க் கணக்கில் துணைவேந்தர், ராபர்ட் பிர்ஜெனோ பட்டியலை வாசித்தார். பேஸ்பால், ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், பெண்கள் லக்ராஸ் ஆகிய நான்கும் அந்தக் கல்வியாண்டோடு நிறுத்தப்படும். ரக்பி அணி முழு அந்தஸ்தை இழந்து ஒரு படி இறக்கப்படும். மொத்தம் 163 மாணவர்கள். அவர்களில் ரக்பிக்காரர்கள் 61, பேஸ்பால்காரர்கள் 38. மிச்சமாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் டாலர். அதே சமயம் வளாகத்தின் மறுகோடியில், பூகம்பப் பிளவின் மேலேயே 1923இல் கட்டிய கால்பந்து அரங்கத்தை 32 கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் புதுப்பிக்கும் வேலை கடன் வாங்கித் தொடங்கியிருந்தது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோபப்படுவது சுலபம். நிர்வாகத்துக்கும் ஒரு பதில் இருந்தது: அரங்கம் நில நடுக்கத்தில் சரிந்து ஆளைக் கொல்லக்கூடியது, அதைச் சீர்செய்வது விருப்பம் சார்ந்த செலவு அல்ல, அதன் கடனையும் கால்பந்து வருமானம் கட்டும், வகுப்பறைப் பணம் கட்டாது. பின்னாளில் அந்தக் கடனே துறையின் கழுத்தைப் பிடித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பட்டியலே என் வாதத்தின் முதல் சான்று. வெற்றி ஓர் அணியைக் காப்பாற்றும் என்றால் ரக்பி அதில் இருந்திருக்கவே கூடாது. 1980 தொடங்கி 2010க்குள் பெர்க்லி ரக்பி 25 முறை தேசியப் பட்டம் வென்றிருந்தது. அந்த வளாகத்தில் வேறெந்த அணிக்கும் அப்படியொரு கணக்கு இல்லை. ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் 1968, 1975, 1997, 1998 என்று நான்கு முறை வென்றது, அதாவது பேஸ்பாலைப் போல இரண்டு மடங்கு. இரண்டையும் கோப்பை காக்கவில்லை. இரண்டாவது சான்று 2011 பிப்ரவரி 11ஆம் தேதி வந்தது. ஐந்து அணிகளையும் நீடிக்க வைக்க 2.5 கோடி டாலர் வேண்டும் என்றது நிர்வாகம். ஆதரவாளர்கள் திரட்டிய வாக்குறுதிகள் அதில் ஏறத்தாழ பாதி. எனவே மூன்றைத் திருப்பித் தருகிறோம், இரண்டைத் தர முடியாது என்று அறிவித்தார்கள். திரும்பி வந்தவை ரக்பி, பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், பெண்கள் லக்ராஸ். விடுபட்டவை பேஸ்பாலும் ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸும். இந்தத் தேர்விலும் யார் நன்றாக ஆடினார்கள் என்ற கேள்விக்கு இடமே இல்லை. 1972இல் வந்த ஒன்பதாம் பிரிவு எனப்படும் சட்டம், கல்லூரிகளில் பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான விளையாட்டு வாய்ப்பைக் கட்டாயமாக்குகிறது. பெண்களின் ஆர்வத்துக்கு ஈடு கொடுக்கிறோம் என்று காட்டித்தான் பெர்க்லி அதுவரை அந்தச் சட்டத்தை நிறைவேற்றி வந்தது. பெண்கள் அணிகளைக் கலைத்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது. மாணவர் தொகையில் பெண்கள் எவ்வளவோ அதே விகிதத்தில் விளையாட்டிலும் இடம் கொடுத்தாக வேண்டும், அதற்கு ஆண்கள் அணிகளில் இன்னும் பல இடங்களை வெட்ட வேண்டியிருக்கும். ஆகவே பெண்கள் அணி இரண்டும் திரும்பி வந்தது சட்டக் கணக்கு. ரக்பி திரும்பியது, அதற்கு ஏற்கெனவே சொந்த நன்கொடை இருந்ததால்.

பேஸ்பாலுக்கு மறுப்பு வந்தபோது பருவம் தொடங்க ஏறத்தாழ ஒரு வாரம்தான் மிச்சமிருந்தது. பணம் சேர்க்கும் வேலை வேகம் பிடித்தது அந்த மறுப்புக்குப் பிறகுதான். சான் பிரான்சிஸ்கோ வழக்கறிஞரும் பெர்க்லியின் பழைய மாணவருமான ஸ்டூ கார்டன் முன்னின்று நடத்த, முன்னாள் ஆட்டக்காரர்களும் பெற்றோர்களும் அறக்கட்டளை முறையில் வாக்குறுதிகளைத் திரட்டினார்கள். இலக்கு 1 கோடி டாலர். ஏப்ரல் தொடக்கத்தில் ஏறத்தாழ 90 லட்சம் உறுதியானதும் 8ஆம் தேதி அறிவிப்பு வந்தது. தமிழ் வாசகர்களுக்கு இந்த முறை புதிதாக இருக்காது. இதே பெர்க்லியில் 1990களில் அமெரிக்கத் தமிழர்கள் கையிலிருந்து திரட்டிக் கொடுத்த நிதியில்தான் தமிழ் இருக்கை அமைந்தது. அதில் முதலில் அமர்ந்தவர் ஜார்ஜ் ஹார்ட். பல்கலைக்கழகம் பொதுச் சொத்தாக இருந்தாலும் அதற்குள் எது நிலைக்கும் என்பதை, வெளியே அதற்காகக் காசு கொடுக்கத் தயாராக நிற்கும் கூட்டம்தான் பல சமயம் தீர்மானிக்கிறது என்ற அமெரிக்க நடைமுறையை நம்மவர்களும் அறிந்தே பயன்படுத்தியிருக்கிறார்கள். பின்னாளில் ஹார்வர்டில் நடந்ததும் அதுவே.

இனி அந்தப் பருவம். பயிற்சியாளர் டேவிட் எஸ்கர் 1987இல் ஸ்டான்ஃபோர்டு கோப்பை வென்றபோது அதில் ஆடியவர், அதாவது பெர்க்லியின் பரம எதிரி முகாமில் வளர்ந்தவர். 2010 இலையுதிர் காலத்தில் தன் மாணவர்களிடம் வேறு கல்லூரி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டிய நிலையில் இருந்தவர். அவரிடம் ஷார்ட்ஸ்டாப்பாக மார்கஸ் செமியன் இருந்தார், அந்த ஆண்டு பசிபிக் வட்டாரத்தின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான டோனி ரெண்டா இருந்தார், பிட்சர் எரிக் ஜான்சன் இருந்தார். வழக்கமான பருவத்தில் 31 வெற்றி, 20 தோல்வி. நல்ல அணி, அசாத்திய அணி அல்ல. தேசியப் போட்டியின் முதல் கட்டத்துக்கு ஹூஸ்டனுக்கு அனுப்பப்பட்டார்கள். முதல் ஆட்டமே தோல்வி. இந்தக் கட்டத்தில் இரண்டு தோல்வி என்றால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அதன்பின் ஒவ்வொன்றாக வென்று, ஜூன் 6ஆம் தேதி கடைசி ஆட்டத்தில் பேலர் பல்கலைக்கழக அணியை எதிர்கொண்டார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி. பெர்க்லி 5, பேலர் 8. மூன்று ரன் பின்தங்கிய நிலையில் கடைசி வாய்ப்பு. நான்கு ரன் எடுத்தார்கள்; டெவன் ரோட்ரிகெஸ் அடித்த ஓர் அடியில் இரண்டு பேர் ஓடி வந்து தொட, 9க்கு 8. சினிமாக் கதைக்கு உச்சக் காட்சி இதுதான். இதை மறுக்க எனக்கும் மனம் வரவில்லை.

அடுத்த கட்டத்தை நடத்தும் உரிமை பெர்க்லிக்கு விழுந்தது. சொந்த மைதானத்தில் நடத்த முடியவில்லை. விளக்கு இல்லாத மைதானத்தில் தொலைக்காட்சிக்கான இரவு ஆட்டம் எப்படி நடக்கும்? சான்டா கிளாராவில் இன்னொரு கல்லூரியின் மைதானத்தை இரவல் வாங்கி, டல்லஸ் பாப்டிஸ்ட் அணியை இரண்டு ஆட்டத்திலும் வென்றார்கள். எந்த அணியைக் கலைத்தால் பணம் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டார்களோ அந்த அணியின் மைதானத்துக்கு ஒரு விளக்குக் கம்பம்கூடப் போடாமல் பல பத்தாண்டுகள் ஓட்டியிருந்தார்கள் என்பதை இது காட்டிக்கொடுத்தது. ஒமாஹாவில் அந்த ஆண்டுதான் புது அரங்கம் திறந்திருந்தது. வர்ஜீனியாவிடம் 4க்கு 1 தோல்வி, டெக்சஸ் ஏ அண்ட் எம் மீது 7க்கு 3 வெற்றி, மறுபடி வர்ஜீனியாவிடம் 8க்கு 1 தோல்வி. ஆண்டுக் கணக்கு 38 வெற்றி, 23 தோல்வி.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். பணம் வந்தது பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில். அந்த வாரங்களில் அணி நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தது. தோற்றுக்கொண்டிருந்த அணிக்கு யார் 90 லட்சம் கொடுத்திருப்பார்கள்? ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். வெற்றி பெறும் அணிக்காகக் கைநீட்டுவது எளிது. ஆனால் மே மாதத்தில் அதே ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸும் நிதி திரட்டித் திரும்பி வந்தது. அதைப் பார்க்க எந்தத் தொலைக்காட்சியும் வரவில்லை, ஒன்பதாவது இன்னிங்ஸ் எதுவும் அதற்கு வாய்க்கவில்லை. 19 பேர் கொண்ட சின்ன அணி, செலவு குறைவு, தேவைப்பட்ட தொகையும் குறைவு. அதைக் கட்டுமளவு பழைய மாணவர்கள் இருந்தார்கள். இரண்டையும் இணைக்கும் பொதுக் காரணம் வெற்றி அல்ல, அமைப்பாகத் திரண்ட பழைய மாணவர்கள்தான்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று எதிர்த்திசையிலிருந்து வரும். பழம் வரலாறும் பழைய மாணவர்களும் போதும் என்றால் மற்ற இடங்களில் ஏன் போதவில்லை? விஸ்கான்சின் பல்கலைக்கழக அணி 1950இல், ஒமாஹாவில் நடந்த முதல் தேசியப் போட்டியிலேயே ஆடியது. 1991இல் பற்றாக்குறையைக் காட்டிக் கலைத்தார்கள், இன்றுவரை திரும்பவில்லை. ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகம் 1957இல், பெர்க்லி கோப்பை வென்ற அதே போட்டியில் ஆடிய அணி, 2001இல் முடிந்தது. ஓரிகன் பல்கலைக்கழகம் 1981இல் கைவிட்ட பேஸ்பாலை மீட்க 2009 வரை ஆனது. இவை என் வாதத்தைத் திருத்துகின்றன, தகர்க்கவில்லை. வெறும் நினைவு போதாது என்பதே இவை சொல்லும் சேதி. பிப்ரவரியில் தொடங்கும் ஒரு ஆட்டத்துக்குப் பனி உறைந்த வடக்கு மாநிலங்களில் இடம் குறுகுகிறது. அங்கே அணியை நடத்தும் செலவும் பயணமும் கூடுதல். கலிபோர்னியாவில் தெருவுக்குத் தெரு பேஸ்பால் ஆடும் பையன்கள் இருக்கிறார்கள். அதற்கு மேல், பெர்க்லியின் பழைய ஆட்டக்காரர்களில் பலர் மைதானத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், நாட்டிலேயே அதிகப் பணம் புழங்கும் பகுதியில் தொழில் செய்கிறவர்கள். வரலாறு என்பது கூப்பிட்டால் வந்து நிற்கும் ஆட்களாகவும், கேட்டால் எழுதப்படும் காசோலைகளாகவும் மாறிய இடத்தில்தான் அது ஓர் அணியைக் காத்திருக்கிறது. 2020 ஜூலையில் பக்கத்து ஸ்டான்ஃபோர்டு 11 அணிகளைக் கலைப்பதாக அறிவித்து, பழைய மாணவர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2021 மே மாதம் பின்வாங்கியதும் இந்த வரிசையில் சேரும்.

இது நியாயமான ஏற்பாடா என்றால், அல்ல என்பதே என் கருத்து. அரசுப் பல்கலைக்கழகத்தில் எந்த மாணவர் எதை ஆடலாம் என்பதை நாற்பது ஆண்டுக்கு முன் ஆடியவர்களின் பணப்பை தீர்மானிப்பது சங்கடமானது. பணக்காரப் பழைய மாணவர்கள் இல்லாத புதிய விளையாட்டு ஒன்று அங்கே முளைத்தால் அதற்கு யார் இருக்கிறார்கள்? ஆனால் மறுபக்கத்தையும் எடைபோட வேண்டும். 32 சதவீதக் கட்டண உயர்வைச் சுமந்த ஒரு ஏழை மாணவியின் பணத்தில் பேஸ்பால் நடக்கக் கூடாது என்ற ஆசிரியர்களின் கோரிக்கை சரியானது. அந்தக் கோரிக்கையை நிறைவேற்றியும், 38 பையன்களை நட்டாற்றில் விடாமலும் இருக்க 2011இல் கிடைத்த ஒரே வழி ஆட்டத்தை நேசித்தவர்களே அதன் செலவைத் தாங்குவதுதான். நிர்வாகத்தின் தவறு முடிவில் இருந்ததாகத் தோன்றவில்லை, முறையில் இருந்தது: இவ்வளவு பணம் திரட்டினால் அணி தொடரும் என்று முதலிலேயே தொகையைச் சொல்லியிருந்தால், அறிவித்துக் கலைத்து, பாதியைத் திருப்பிக் கொடுத்து, மீதியை மறுத்து, மறுபடி கொடுத்த அந்த ஏழு மாத நாடகம் தேவைப்பட்டிருக்காது.

அணி நீடித்ததால் கிடைத்தவை பதிவில் இருக்கின்றன. ஆண்ட்ரூ வான் 2018இல் கல்லூரிப் பேஸ்பாலின் ஆகப்பெரிய தனிநபர் விருதான கோல்டன் ஸ்பைக்ஸை வாங்கினார், அந்த விருதைப் பெற்ற முதல் பெர்க்லிக்காரர் அவர்தான். அன்று ஷார்ட்ஸ்டாப்பாக நின்ற செமியன் 2021இல் ஒரே பருவத்தில் 45 ஹோம் ரன் அடித்து இரண்டாம் பேஸ் ஆட்டக்காரர்களில் சாதனை படைத்தார்; 2023இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸோடு உலகத் தொடரை வென்றார். எஸ்கர் 2017இல் தன் தாய்வீடான ஸ்டான்ஃபோர்டுக்கே போய்விட்டார். மைதானம் இப்போது எவன்ஸின் பெயரோடு ஸ்டூ கார்டனின் பெயரையும் தாங்குகிறது. 2024இல் பெர்க்லி அட்லாண்டிக் கரையோர அணிகளின் வட்டாரக் கூட்டமைப்பில் சேர்ந்ததால் அதன் பேஸ்பால் பையன்கள் வட்டார ஆட்டத்துக்கே கண்டத்தின் மறுகரைக்குப் பறக்கிறார்கள். 2025இல் வந்த நீதிமன்ற உடன்பாட்டின்படி கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். அந்தப் பணத்தில் பெரும்பங்கு கால்பந்துக்கே போகிறது, மற்ற அணிகளின் செலவுக் கணக்கை நிர்வாகங்கள் மறுபடியும் மேசைமேல் விரித்து வைத்திருக்கின்றன. 2011க்குப் பிறகு 2025 வரை பெர்க்லி அணி ஒமாஹாவுக்கு ஒருமுறைகூடத் தகுதி பெறவில்லை. அதற்காக அணியைக் கலைக்க வேண்டும் என்று அங்கே யாரும் பேசவும் இல்லை.